சுண்டெலி முழங்கால் அறுவை: எட்டு வாரம் கழித்துத் தெரியும் தவறுகள்

சுண்டெலியில் மூட்டுத் தேய்வை வரவழைக்க ஆய்வகங்களில் பரவலாகச் செய்வது டி.எம்.எம். அறுவை. உட்புற மெனிஸ்கஸை (மூட்டில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு) டிபியாவோடு (கீழ்க்கால் எலும்பு) பிணைக்கும் லிகமென்டை (இணைப்பு நார்) வெட்டிவிட்டால் மெனிஸ்கஸ் இடம் நழுவும், குருத்தெலும்பு மெல்லத் தேயும். மயக்க மருந்து, உடல் சூடு போன்றவற்றைப் பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். புதியவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

குருத்தெலும்பைக் கீறுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. மூட்டுறையைத் திறந்ததும் கொழுப்புத் திண்டு வழிமறிக்கும். அவசரத்தில் அதைப் பிய்த்தால் ரத்தம் கசிந்து லிகமென்ட் மறைந்துபோகும். அந்த ரத்தத்துக்குள் குத்துமதிப்பாகப் பிளேடை விட்டால் முனை டிபியாவின் குருத்தெலும்பில் போய்ப் பதியும்.

அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தையல் போட்டாயிற்று, எலியும் ஓடுகிறது. 8 வாரம் கழித்துக் காலை எடுத்து, இ.டி.டி.ஏ.வில் ஊறவைத்துக் கால்சியம் நீக்கி, சீவி, சாஃப்ரானின்-ஓ சாயம் ஏற்றிப் பார்க்கும்போதுதான் விளிம்பு கூர்மையான, நேரான ஒரு பள்ளம் தெரியும். தேய்வு அப்படி இருக்காது. அது நார்நாராகப் பிரிந்து, ஓரம் மங்கித்தான் வரும். ஷாம் எலியிலும் (ஒப்பீட்டுக்காக மூட்டைத் திறந்து, லிகமென்டை வெட்டாமல் மூடிய எலி) அதே பள்ளம் இருந்தால் ஒப்பிட ஆளில்லை. அந்தப் பள்ளத்துக்கும் ஒரு தேய்வு மதிப்பெண் போட்டுச் சராசரியில் கரைத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த எலியைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். நீக்கும் விதியைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

திண்டை மழுங்கிய முனையால் ஒதுக்குங்கள், பிய்க்காதீர்கள். கசிந்தால் சிறு ஸ்பாஞ்சால் அழுத்திக் காத்திருங்கள். மெனிஸ்கஸின் முன்கொம்பிலிருந்து டிபியாவின் நடுப்பக்கம் போகும் வெண்ணிற நார் தெளிவாகத் தெரிந்த பிறகே 11-ஆம் எண் பிளேடை எடுங்கள். வெட்டும் விளிம்பு எலும்பைப் பார்க்காமல் மேல்நோக்கியும் வெளிப்புறமாகவும் திரும்பியிருக்கட்டும். வெட்டிய பின் மெனிஸ்கஸை ஃபோர்செப்ஸால் உட்புறம் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் நகரவில்லையென்றால் சில இழைகள் மிச்சமிருக்கின்றன.

நொண்டினால் வெற்றி என்று நினைப்பது

டி.எம்.எம். எலி சில நாளிலேயே ஏறக்குறைய இயல்பாக நடக்கும். ஒரு வாரம் கழிந்தும் காலைத் தூக்கியே வைத்திருந்தால் முழங்கால் சில்லு விலகியிருக்கலாம், தொற்று இருக்கலாம், முன் குரூசியேட் லிகமென்டும் (டிபியா முன்னே நழுவாமல் பிடிக்கும் நார்) சேர்ந்து அறுந்திருக்கலாம். மயக்கத்தில் டிபியாவை முன்னே இழுத்துப் பார்த்தால் கடைசியது தெரிந்துவிடும். சில்லு விலகுவது பெரும்பாலும் மூட்டுறையைச் சரியாகத் தைக்காததால்.

அறுவை செய்யாத மறுபக்கக் காலை ஷாமாகக் கொள்வது

பாரம் அந்தக் காலுக்கு மாறிவிடுகிறது. ஷாமுக்குத் தனி எலி வேண்டும். அதிலும் மூட்டைத் திறந்து, லிகமென்டைப் பார்த்துவிட்டு, வெட்டாமல் மூட வேண்டும்.

ஆணையும் பெண்ணையும் கலப்பது

பெண் எலியில் தேய்வு குறைவாகவே வரும். கணக்கைத் தனித்தனியாகப் போடுங்கள்.

வளரும் எலியில் செய்வது

வேண்டாம். 10 வாரம் ஆகட்டும்.