பேமெண்ட் கேட்வே கணக்கை மூடிட்டாங்களா?

மதுரை விளக்குத்தூண் பக்கமிருந்து சுங்குடிச் சேலையை ஆன்லைனில் விற்கிறவர்கள் கவனத்துக்கு. வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டும் பணத்தை வாங்கி உங்களிடம் சேர்க்கும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்திடமிருந்து, கணக்கை மூடுவதாக மெயில் வந்தால், சண்டைக்குப் போகும் முன் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டையும் (உங்கள் வங்கிக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கு) பரிவர்த்தனைப் பட்டியலையும் டவுன்லோடு செய்துவிடுங்கள். லாகின் போய்விட்டால் அதற்கும் அவர்களிடம்தான் கெஞ்ச வேண்டும்.

பிறகு மெயிலிலேயே கேளுங்கள்: காரணம் என்ன, நிலுவைப் பணம் எந்தத் தேதியில் வரும்? ரிசர்வ் வங்கி விதிப்படி வாடிக்கையாளர் கட்டிய பணம் வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில்தான் (கேட்வேயின் சொந்தப் பணத்தோடு கலக்காத கணக்கு) இருக்க வேண்டும். ஆனாலும் ரீஃபண்ட், சார்ஜ்பேக் (வாடிக்கையாளர் தன் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்பது) வரலாம் என்று கொஞ்சகாலம் பிடித்து வைப்பார்கள். அதனால் பில், கூரியர் ரசீது, டெலிவரி ஆன சான்று எல்லாவற்றையும் ஆர்டர் வாரியாக அனுப்புங்கள்.

அதுவரை கரண்ட் அக்கவுண்ட் உள்ள வங்கியிலேயே க்யூஆர் வாங்கி ஓட்டலாம். மச்சான் பேரில் புதுக்கணக்கு திறந்து அதே கடையை நடத்துவது மட்டும் வேண்டாம். வெப்சைட்டை வைத்தே பிடித்துவிடுவார்கள்.