தோட்டப் பாதையில் மின்சார சைக்கிள்: நடப்பவர்களை அச்சுறுத்தாமல் ஓட்டுவது எப்படி?

மலேசியாவில் வணிக நோக்கோடு செம்பனை (எண்ணெய்ப் பனை) முதன்முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். இங்குள்ள செம்மண் சாலைகள் குலை ஏற்றும் லாரிக்கும் டிராக்டருக்கும் போடப்பட்டவை. நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை கிடையாது. லாரி வந்தால் காது சொல்லும், மோட்டார் சைக்கிள் வந்தாலும் காது சொல்லும், ஒதுங்கிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தச் சாலைகளில் மக்கள் உயிரைக் காத்துக்கொண்டது காதை நம்பித்தான்.

மின்சார சைக்கிளுக்கு அந்தச் சத்தம் இல்லை. பெட்ரோல் செலவு இல்லாத இந்த வண்டியைத் தமிழ்ப்பள்ளி மாணவர் முதல் ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வரை வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் பின்னால் வருவது தெரியாமல் நடக்கும் மூதாட்டியின் மீது குற்றம் சொல்ல முடியாது. வேகமும் எடையும் யாரிடம் இருக்கின்றனவோ, பொறுப்பும் அவரிடமே இருக்கிறது. அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி ஓட்டுபவருக்கே.

படி 1: முதலில் திடல், பிறகு பாதை

சாதாரண சைக்கிள் ஏறத்தாழ 12 முதல் 15 கிலோ இருக்கும். மின்சார சைக்கிள் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும். நிறுத்தும்போதும் திரும்பும்போதும் அந்த வேறுபாடு கைக்குத் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் பள்ளித் திடலுக்கோ கோயில் திடலுக்கோ கொண்டுபோய்ப் பழகுங்கள்.

அங்கே முதலில் கவனிக்க வேண்டியது மோட்டார் எப்போது நிற்கிறது என்பதை. விலை குறைந்த பல வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் உணரும் கருவி இருக்கும். நீங்கள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு கணம் தள்ளிவிட்டுத்தான் ஓயும். வெட்டவெளியில் அது பெரிதாகத் தெரியாது. முன்னால் ஒரு குழந்தை இருந்தால் அந்த ஒரு கணமே விபத்து. பல வண்டிகளில் பிரேக் பிடியை லேசாக அழுத்தினாலே மோட்டார் துண்டிக்கப்படும். உங்கள் வண்டியில் அது உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பிறகு நீங்களே சோதியுங்கள். தரையில் ஒரு செங்கல்லை வைத்து, அதற்கு முன்பே நிற்கப் பழகுங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். சரளைக் கல்லில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் வழுக்கும்.

மோட்டாரின் உதவி அளவைக் கடைசிப் படிக்குக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கிளம்பும் நொடியில்தான். ஒரு பெடல் மிதித்தவுடன் வண்டி எதிர்பாராமல் பாயும்.

படி 2: உங்கள் வண்டி எந்த வகை?

பெடல் மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும் சைக்கிள் ஒன்று. கைப்பிடியைத் திருகினாலே மோட்டார் சைக்கிள் போல ஓடும் வண்டி வேறொன்று. இரண்டுக்கும் ஒரே விதி என்று நினைத்துவிடாதீர்கள். மின் ஸ்கூட்டர் போன்ற நுண் வாகனங்களைப் பொதுச் சாலையில் ஓட்ட 2021 டிசம்பர் முதல் மலேசியாவில் தடை இருக்கிறது. வாங்குவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் விசாரியுங்கள். தோட்டத்துக்குள் ஓட்டுவதென்றால் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

படி 3: வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். ஒருவர் குறுக்கே வருவதைக் கண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் 7 மீட்டர் போய்விடும். நல்ல உலர்ந்த தார்ச்சாலையில் நிற்க இன்னும் ஏறத்தாழ 7 மீட்டர் தேவை. மொத்தம் 14 மீட்டர். அதே வண்டி 12 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 5 மீட்டருக்குள் நின்றுவிடும்.

வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே தொழிலாளர்களின் லயத்து வீடுகளின் முன்பும், சாலையோர ஒட்டுக்கடை அருகிலும், பள்ளி விடும் நேரத்திலும் 10 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். மழைக்குப் பின் செம்மண் சாலையில் இன்னும் குறையுங்கள். லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள் சக்கரத்தில் நசுங்கினால் அந்த இடம் எண்ணெய் வழிந்த தரைதான். அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வண்டியைச் சாய்க்கவும் செய்யாதீர்கள்.

படி 4: மணி அடிப்பது, காத்திருப்பது, கடப்பது

இந்த ஒரு படியை மட்டும் மனப்பாடம் செய்தாலும் போதும் என்பேன்.

நடப்பவருக்கு இருபது, முப்பது மீட்டர் பின்னாலிருந்தே ஒருமுறை மணி அடியுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் அவர் திடுக்கிட்டு, எந்தப் பக்கம் தாவுவார் என்று சொல்ல முடியாது. அடித்தவுடன் வேகத்தைக் குறைத்துவிட்டு அவர் தலையைப் பாருங்கள். தலை திரும்பினால் கேட்டுவிட்டது. திரும்பாவிட்டால் கேட்கவில்லை. காது மந்தமாக இருக்கலாம், காதில் பாட்டு ஓடலாம். மீண்டும் மீண்டும் மணியடித்து விரட்டாதீர்கள். நெருங்கி, நடை வேகத்துக்கு இறங்கி, வாயால் சொல்லுங்கள்.

என்ன சொல்வது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "வலப்பக்கம்!" என்று கத்தினால் பலர் வலப்பக்கமே நகர்ந்துவிடுவார்கள். "பாட்டி, அப்படியே நில்லுங்கள், நான் சுற்றிப் போகிறேன்" என்று சொல்லுங்கள். முறை வைத்து அழைத்தால் ஆள் பதற்றப்படுவதில்லை. பிறகு வலப்பக்கமாக, குறைந்தது ஒரு மீட்டர் விலகிக் கடந்து செல்லுங்கள். அந்த இடைவெளி இல்லாத கால்வாய்ப் பாலங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

பாதையின் ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் குழந்தையும் இருந்தால் முழுமையாக நின்றுவிடுங்கள். மணி கேட்டதும் குழந்தை தாயை நோக்கித்தான் ஓடும், உங்கள் சக்கரத்துக்கு முன்னால். நாய், மாடு எதிர்ப்பட்டாலும் இதேதான்.

படி 5: இருட்டு

1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் இங்கே பெரும்பாலும் ஏழு மணிக்குப் பிறகே சூரியன் எழுகிறது. பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதற்கு முன்பே இருட்டில் நடக்கிறார்கள். செம்பனை ஓலைகள் கவிந்த சாலையில் இருட்டு இன்னும் அடர்த்தி. முன் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிய வேண்டும். முன் விளக்கைத் தரை நோக்கிச் சாய்த்து வையுங்கள். எதிரே வருபவரின் கண்ணில் அடித்தால் அவருக்குப் பாதையும் தெரியாது, கால்வாயும் தெரியாது.

படி 6: நடப்பவர்களுக்கு

லாரி ஓடும் சாலையில் வலப்புறமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடங்கள். லாரி நுழையாத ஒற்றையடிப் பாதையில் இடப்புறம். மணி கேட்டால் நேராகவே நடங்கள், சட்டென்று பக்கம் மாறாதீர்கள். விடியற்காலையில் வெளிர் நிறச் சட்டையும் ஒரு கைவிளக்கும் போதும்.

லாரிச் சாலையில் இடப்புறம் வரும் சைக்கிளும் வலப்புறம் நடப்பவரும் நேருக்கு நேர் சந்திப்பார்கள். அப்போது விலக வேண்டியவர் சைக்கிளில் இருப்பவர். பின்னால் லாரி வந்தால் நின்று, அதைப் போகவிட்டு, பிறகு விலகுங்கள்.

படி 7: மோதிவிட்டால்

வண்டியை நிறுத்துங்கள். விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தால் எலும்பு முறிந்திருக்கலாம், 999ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்று எழுந்து நடந்தாலும் அவர் வீட்டாரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அன்று இரவுக்குள் வாந்தி, குறையாத தலைவலி, வழக்கத்துக்கு மீறிய தூக்கம், பேச்சில் குழறல் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.