பயன்படுத்திய கேம்பர் டிரக்கை விற்பது எப்படி: சேலத்து உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கரடுமுரடான பாதைகளில் நெடும்பயணம் போவதற்கென்று கட்டப்பட்ட, உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட ஒரு 4x4 (நான்கு சக்கரங்களும் இயங்கும்) கேம்பர் டிரக்கை விற்பதற்குச் சாதாரணக் காரை விற்பதைக் காட்டிலும் கூடுதலான ஆயத்தம் தேவைப்படுகிறது. காருக்கு ஆண்டு, ஓடிய தூரம், மாடல் ஆகியவற்றை வைத்து எந்தப் புரோக்கரும் ஒரு விலை சொல்லிவிடுவார். கேம்பர் டிரக்கோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கட்டப்பட்டிருப்பதால், அதற்கு ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய சந்தை விலை இல்லை. வாங்க வருபவர் ஒரு வண்டியையும் ஒரு சிறு வீட்டையும் சேர்த்து வாங்குகிறார் என்பதால், நீங்கள் சொல்வதில் எவ்வளவைத் தம்மால் சரிபார்க்க முடிகிறதோ அவ்வளவுக்குத்தான் பணம் தர முன்வருவார். ஆகவே விளம்பரம் எழுதுவதற்கு முன்பே, வண்டியைப் பற்றிய ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு சான்றைத் தேடி வைத்துக்கொள்வதுதான் விற்பனையின் பெரும்பகுதி வேலை.

ஆர்.சி.யும் வண்டியும் ஒத்துப்போக வேண்டும்

முதலில் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றை எடுத்து வாகன வகை, பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, மொத்த எடை ஆகிய நான்கையும் வாசலில் நிற்கும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இசுசூ வி-கிராஸ் போன்ற பிக்கப்பின் பின்தொட்டியைக் கழற்றிவிட்டுப் பெட்டி ஏற்றியிருப்பவர்களும், டாடா 407 போன்ற சரக்கு வண்டியின் சேசிஸ் (அடிச்சட்டகம்) மேல் அறை கட்டியிருப்பவர்களும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தி அமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இவை இரண்டுமோ விதிக்கப்படலாம். மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை உண்டு; அதன்படி ஒப்புதல் பெற்றுக் கட்டப்பட்டு, ஆர்.சி.யிலும் அவ்வாறே பதிவாகியிருக்கும் வண்டியை வைத்திருப்பவர் தம் விலையில் உறுதியாக நிற்கலாம்.

ஆர்.சி. ஒத்துப்போகாவிட்டால், அதை மறைத்து விற்க முயல்வது வாங்குபவருக்குச் செய்யும் தீங்கு. பெயர் மாற்றத்துக்கோ எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கோ போகும்போது அது வெளிப்பட்டுவிடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அதுவே காரணமாகலாம். பெட்டியைச் சேசிஸோடு வெல்டிங் செய்யாமல் போல்ட் போட்டுப் பொருத்தியிருந்தால், அதை இறக்கிவிட்டு, பழைய பின்தொட்டியை மாட்டி, வண்டியைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் விற்பதே நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன். இரண்டும் சேர்ந்து தரும் தொகை சற்றுக் குறையலாம். ஆனால் விற்ற பின்பு எந்தக் கேள்வியும் உங்களைத் தேடி வராது.

சரக்கு வண்டியாகப் பதிவாகியிருந்தால் எஃப்.சி. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எடுக்கப்பட வேண்டும். அது காலாவதியாகியிருந்தால் புதுப்பித்த பிறகே விளம்பரம் செய்யுங்கள். சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்படும். எனவே பதினான்காவது ஆண்டில் நிற்கும் வண்டியை வாங்க வருபவர், புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் எடுத்துத்தான் பேரம் பேசுவார்.

எடைச் சீட்டு

கேம்பர் டிரக் விற்பனையில் பலரும் தவறவிடும் சான்று இது. லாரித் தொழில் வேரூன்றிய சேலம், சங்ககிரி வட்டாரத்தில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்த் தொட்டியையும் டீசல் டேங்கையும் நிரப்பி, சிலிண்டர், கூடுதல் டயர், கருவிப் பெட்டி என்று பயணத்துக்குப் போகிற அத்தனையையும் ஏற்றி, வண்டியை எடை போடுங்கள். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறை என மூன்று சீட்டுகள் வாங்குங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ. பேட்டரியும் மரவேலையும் சேரும்போது, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டிவிட்ட வண்டிகள் உண்டு. பின் அச்சில் மட்டும் பாரம் மிகுந்திருந்தால் ஸ்பிரிங் பட்டைகள் தணிந்துபோகும். முன்சக்கரங்களின் பிடிமானம் குறைந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் இலேசாகிவிடும். விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி எடையைப் பற்றியதாகவே இருக்கும். அவர் கேட்பதற்கு முன்பே சீட்டை எடுத்து நீட்டுபவரிடம் அவருக்கு நம்பிக்கை பிறக்கும்.

வண்டியின் அடியும் பெட்டியின் மூலைகளும்

பள்ளமும் மேடுமான பாதையில் போகும்போது லாரிச் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். அதன் மேல் இருக்கும் பெட்டியோ முறுக்கத்துக்கு இடம் கொடுக்காது. இதற்காகவே நல்ல கட்டுமானங்களில் சேசிஸுக்கும் பெட்டிக்கும் இடையே துணைச் சட்டகம் (சப்-ஃப்ரேம்) ஒன்று வைத்து, மூன்று அல்லது நான்கு புள்ளிகளில் அசைந்து கொடுக்கும்படி பெட்டியைப் பொருத்துகிறார்கள். உங்கள் வண்டியில் எந்த முறை கையாளப்பட்டுள்ளது என்பதைப் படத்தோடு விளக்குங்கள். நேரடியாக இறுக்கிப் பொருத்தியிருந்தால் பெட்டியின் மூலைகளிலும், கதவுச் சட்டத்திலும், துணைச் சட்டகத்தின் வெல்டிங் இடங்களிலும் விரிசல் இருக்கிறதா என்று ஒரு நல்ல பட்டறையில் பார்த்துவிடுவது நல்லது. வாட்டர் சர்வீஸ் கொடுத்து அடிப்பகுதியைக் கழுவுங்கள். ஆனால் விற்பதற்கென்று அதன் மேல் புதிதாகக் கருப்புப் பெயிண்ட் அடிக்காதீர்கள். துரு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்குப் புதுப் பெயிண்டைப் போலச் சந்தேகம் எழுப்பும் பொருள் வேறில்லை.

ஏற்காட்டில் தோட்டத்து வீட்டருகே நிறுத்தி வைத்திருப்பவர்கள் ஈரத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மூடுபனியும் நீண்ட மழையும் பிளைவுட்டை உப்ப வைக்கும். மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். கூரை ஜன்னலின் சிலிக்கான் ஓரம் பிரியும். கூரையில் கால் மணி நேரம் தண்ணீர் பாய்ச்சி, அலமாரிகளின் உள்மூலைகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு இந்தச் சோதனையைச் செய்வது இன்னும் பொருத்தம். எங்கே ஒழுகுகிறது என்பதை அந்த மழையே காட்டியிருக்கும்.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையா, ஈய அமில வகையா, எந்த ஆண்டில் வாங்கியது என்பதற்கு ரசீது வையுங்கள். ஈய அமில பேட்டரி முழுதும் சார்ஜாகி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படம் எடுத்துப் போடுங்கள். 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். சமையல் எரிவாயுக் குழாய் பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். வேறொரு குடும்பம் அதன் பக்கத்தில் படுத்து உறங்கப் போகிறது.

விலையும் விளம்பரமும்

அதே ஆண்டைச் சேர்ந்த, அதே தூரம் ஓடிய, மாற்றம் செய்யப்படாத வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். அதுவே அடித்தளம். பெட்டி கட்டுவதற்கு நீங்கள் செலவழித்த தொகை முழுவதும் திரும்பி வராது. உங்கள் உயரத்துக்கும் உங்கள் குடும்பத்தின் எண்ணிக்கைக்கும் ஏற்பச் செய்த வசதி மற்றொருவருக்குக் குறையாகவும் தோன்றலாம். வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிக்கயிற்று உருளை), கூரைக் கூடாரம், குளிர்சாதனப் பெட்டி போன்ற கழற்றக்கூடிய பொருள்களுக்குத் தனி விலை குறித்து, வேண்டுமானால் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். பேரம் அதனால் எளிதாகும்.

வாங்குபவர் சேலத்துக்காரராக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறினால் பெங்களூரும், 544-இல் ஏறினால் கோவையும் சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கின்றன என்பது நமக்குள்ள நல்வாய்ப்பு. லடாக் போக விரும்புபவர்கள் கோடையில் பாதை திறப்பதற்கு முன்பே வண்டி தேடத் தொடங்குவார்கள் என்பதால், பொங்கல் கழிந்ததும் விளம்பரம் செய்வது ஏற்றது. மூக்கனேரிக் கரையில் ஒரு படம் அழகாகத்தான் இருக்கும். அதனுடன் அடிப்பகுதி, எஞ்சின், ஃபியூஸ் பெட்டி, துருப்பிடித்த இடம், உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படமெடுத்துப் போடுங்கள். குறைகளைப் பார்த்த பிறகும் இருநூறு கிலோமீட்டர் கடந்து வருபவர், வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்.

ஓட்டிப் பார்க்க வரும்போது

அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய், இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குச் சென்று திரும்பினால், வண்டியைப் பற்றி வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. ஏறும்போது எஞ்சின் வெப்பமும் டர்போவின் இழுப்பும் தெரியும். இறங்கும்போது பிரேக்கின் நிலை தெரியும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை ஓட்டுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்று டன் வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால், பாதி மலையிலேயே டிரம் சூடேறி, கருகிய வாடை வரும்.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்ல வேண்டும். பகுதிநேர 4x4 அமைப்புள்ள வண்டியில், காய்ந்த தார்ச்சாலை வளைவுகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடக் கூடாது. முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வளைவில் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டியிருக்க, நடுவில் அந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் இல்லாததால், இயக்கத் தண்டுகள் முறுக்கேறி, எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாதிக்கப்படும். நான்கு சக்கர இயக்கத்தின் வேக நிலையான 4எச், மெதுவான இழுவை நிலையான 4எல் இரண்டையும் காட்டுவதற்கு, மண்தரையுள்ள ஒரு இடத்தை உரிமையாளரின் அனுமதியோடு முன்பே பார்த்து வையுங்கள். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டப் பாதைகள் தனியாருடையவை. காப்புக் காட்டுக்குள் வண்டியை இறக்கிக் காட்டுவது குற்றம். வருபவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு, நீங்களும் உடன் செல்லுங்கள்.

பணமும் பெயர் மாற்றமும்

ரூபாய் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ஆர்.டி.ஜி.எஸ். மூலம் பெற்று, பணம் உங்கள் கணக்கில் வந்துவிட்டதை வங்கிக் கணக்கிலேயே பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்; செல்போனில் காட்டப்படும் படத்தை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையொப்பமிட வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள எச்.பி. எனும் கடன் பதிவை நீக்கியிருக்க வேண்டும். வாங்குபவர் கர்நாடகத்தையோ கேரளத்தையோ சேர்ந்தவர் என்றால் படிவம் 28 மூலம் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று பெற வேண்டும். விற்றதை மாநிலத்துக்குள் என்றால் 14 நாள்களுக்குள்ளும், வெளி மாநிலம் என்றால் என்.ஓ.சி.யோடு 45 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் கடமை. பெயர் மாறாத வண்டி மோதி ஒருவர் இறந்தால், யார் ஓட்டியிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்ற முறையில் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே பெயர் மாற்றத்தை வாங்குபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், விண்ணப்பத்தை நீங்களே உடனிருந்து பதிவு செய்யுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, அவருடைய அடையாளச் சான்றின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்டேக் கணக்கை அன்றே முடித்துவிடுங்கள். ஜி.பி.எஸ். கருவி, பேட்டரியின் புளூடூத் ஆகியவற்றின் கடவுச்சொற்களையும், பெட்டியின் வயரிங் வரைபடத்தையும் புதியவரிடம் ஒப்படையுங்கள். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) வண்டியோடு போகாது, அது உங்களுடையது என்பதால், நிறுவனத்திடம் கடிதம் கேட்டு வாங்கி அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். சில வாரங்கள் கழித்து, அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். புதிய உரிமையாளரின் விவரம் ஏறியிருந்தால், நகல்களைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். ஏறாமல் இருந்தால், மறுநாளே ஆர்.டி.ஓ. அலுவலகம் சென்று எந்த இடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள்.