மருந்தோடு வெளிநாடு போகிறவர்கள் விடும் பிழைகள்

கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாமசியில் இரண்டு கிழமைக்கு மருந்து வாங்கினால் எப்படித் தருவார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பத்துக் குளிசை உள்ள அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, நான்கை எடுத்து, சின்னக் காகித உறையில் போட்டு, இன்னொரு முழு அட்டையோடு, மேலே இரவு ஒன்று என்று பேனையால் எழுதித் தருவார்கள். அட்டையின் ஒரு பக்கத்தில் மருந்தின் பெயர் அச்சடித்திருக்கும், இன்னொரு ஓரத்தில் காலாவதித் திகதி இருக்கும். வெட்டும்போது இரண்டில் ஒன்று கடையிலேயே நின்றுவிடும். வீட்டில் இருந்து குடிப்பதற்கு அது போதும். நிறத்தைப் பார்த்தே அம்மா சொல்லிவிடுவார், இது பிரஷருக்கு, அது கொலஸ்ட்ரோலுக்கு என்று. அதே உறையைத் துபாயிலோ டொரொன்டோவிலோ ஒரு சுங்க அதிகாரி கையில் எடுத்தால், அவருக்குத் தெரிவது பெயரில்லாத வெள்ளைக் குளிசை மட்டுந்தான்.

ஆகவே முதல் வேலை, பயணத்துக்கு வாங்கும் மருந்தை முழுப் பெட்டியாகக் கேட்டு வாங்குவது. பெட்டியும் அட்டையும் உள்ளே மடித்து வைத்த தாளும் அப்படியே இருக்கட்டும். பில்லையும் எறிய வேண்டாம். கிழமை நாட்கள் எழுதிய குளிசைப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் பலருக்கு உண்டு. பெட்டியை வெறுமையாகக் கொண்டுபோய், போய்ச் சேர்ந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம், அங்கே எல்லாம் உறையில்தான் வரும். அப்படியானவர்கள் பயண நாட்களுக்கு வேண்டிய அளவை மட்டும் வெளியில் வாங்க மருந்துத் துண்டு எழுதித் தரும்படி டொக்டரிடம் கேட்டு, அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவில் பெட்டியோடு வாங்கிக்கொள்வது நல்லது. கிளினிக் கொப்பியின் பிரதியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டொக்டரின் கடிதம். பாமசிக்குக் கொடுக்கிற துண்டையே கடிதம் என்று நினைத்துக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கையெழுத்தை நம்மூர்ப் பாமசிக்காரர் வாசிப்பார், வேறு யாரும் வாசிக்க மாட்டார்கள். தட்டச்சில் அடித்த ஆங்கிலக் கடிதம் வேண்டும். கடிதத்தில் உங்கள் பெயர் பாஸ்போட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நம்மிடையே இது சின்ன விஷயம் இல்லை. பாஸ்போட்டில் அப்பாவின் பெயரோடு நீளமாக இருக்கும், ஆஸ்பத்திரிப் பதிவில் முதலெழுத்தோடு சுருக்கமாக இருக்கும், பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறையும் இடத்துக்கு இடம் மாறும். இரண்டும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி எழ இடம் வைக்கக்கூடாது. பாஸ்போட் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். நோய் என்ன, மருந்தின் பொதுப்பெயர் (கம்பனி வைத்த பெயர் அல்ல, மருந்துக்கே உரிய பெயர்) என்ன, எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை, பயணத்துக்கு மொத்தம் எத்தனை, எல்லாம் வேண்டும். கடைசியில் டொக்டரின் கையெழுத்து, முத்திரை, இலங்கை மருத்துவச் சபைப் பதிவிலக்கம், திகதி.

பொதுப்பெயர் ஏன் முக்கியம் என்றால், இங்கே விற்கும் கம்பனிப் பெயர்களில் பல இந்தியாவிலிருந்தோ பங்களாதேஷிலிருந்தோ வருபவை. வெளிநாட்டு அதிகாரி அந்தப் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். சலரோகத்துக்கு மெட்ஃபோமின், பிரஷருக்கு லொசாட்டன் என்று எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற பிழை. “டொக்டர் தந்த மருந்துதானே, இங்கே எல்லாரும் போடுகிறார்கள்தானே” என்ற நம்பிக்கை. எது சாதாரண மருந்து, எது போதைக்குப் பயன்படக்கூடும் என்று சட்டம் தனியாகக் கட்டுப்படுத்துகிற கட்டுப்பாட்டு மருந்து என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் போய் இறங்குகிற நாட்டின் சட்டம். டொக்டரின் துண்டு இருந்தாலும், அந்த நாடு முன் அனுமதி கேட்டால் முன் அனுமதி எடுத்தே ஆக வேண்டும்.

பிரிகாபலினை எடுத்துக்கொள்ளுங்கள். சலரோகத்தால் கால் எரிகிறது, விறைக்கிறது என்று சொல்லும் வயதானவர்களுக்குக் கொழும்பில் சாதாரணமாக எழுதப்படும் மருந்து. அப்பா, அம்மாவின் மருந்துப் பையைத் தேடிப் பார்த்தால் இருக்கக்கூடும். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அது கட்டுப்பாட்டு மருந்து. பிரிட்டனில் 2019 ஏப்ரலில் இருந்து அதுவும் அதே வகையைச் சேர்ந்த கபாபென்டினும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இங்கேயும் போதைக்குப் பயன்படுகிறது என்பதால்தான் கற்பிட்டிக் கரையில் கடற்படை அந்தக் குளிசைகளைப் பிடித்த செய்திகள் பத்திரிகையில் வருகின்றன. அம்மா எரிவுக்குப் போடுகிற குளிசையும் அந்தச் செய்தியில் வருகிற குளிசையும் ஒன்றுதான் என்பது வீட்டில் பலருக்குத் தெரியாது.

இதே வரிசையில் வருபவை ட்ரமடோல், கோடீன் கலந்த வலிக் குளிசைகள் மற்றும் இருமல் பாணிகள், டயசிபாம், அல்பிரசோலாம், குளோனசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகள், கவனக்குறைவுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட். அமீரகத்துக்கும் சவூதிக்கும் இவற்றைக் கொண்டுபோக முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறும் முறை இருக்கிறது. சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் அதிகாரசபையிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பான் இன்னும் கடுமை. அம்ஃபெட்டமின் சேர்ந்த மருந்துகளை டொக்டர் கடிதம் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். தடிமனுக்குப் போடும் சூடோஎஃபிட்ரின் பத்து வீதத்துக்கு மேல் இருந்தாலும் தடை. டிக்கெட் போட்ட கையோடு இந்த வேலையைத் தொடங்குங்கள், பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓடினால் சரிவராது. அனுமதி கிடைக்காவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று டொக்டரிடம் பேசவும் நேரம் வேண்டும். இந்த வகை மருந்துகள் சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, ஆகவே “சரி, பத்து நாள் போடாமல் இருப்போம்” என்று நீங்களே முடிவு எடுக்க வேண்டாம்.

டோகா, துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் அந்த ஊர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்த விமானத்துக்கு நேரம் இருக்கிறது, ஒருநாள் ஊர் பார்ப்போம் என்று வெளியே வந்தால், அந்த நாட்டின் சுங்கத்தைத் தாண்டித்தான் வருகிறீர்கள்.

அப்புறம், மற்றவர்களுக்காகக் கொண்டுபோவது. பயணம் என்று தெரிந்ததுமே யாராவது ஒரு பார்சலோடு வருவார்கள். “தம்பி, லண்டனில அக்காவுக்கு இந்த மருந்தை மட்டும் ஒருக்கா குடுத்துவிடுங்கோ.” மறுப்பது கஷ்டம் என்பது உண்மை. ஆனால் பை உங்களுடையது, மருந்தில் இருக்கும் பெயர் வேறு ஆளுடையது. கனடாவின் விதி, மருந்து உங்களுக்காக இருக்க வேண்டும், அல்லது உங்கள் பொறுப்பில் உங்களோடு கூடப் பயணம் செய்பவருக்காக இருக்க வேண்டும் என்பது. அங்கே இருக்கிற மச்சாளுக்கு என்றால் அதில் அடங்காது. 2017 இல் பிரிட்டனிலிருந்து எகிப்துக்கு விடுமுறைக்குப் போன ஒரு பெண், அங்கே இருந்த தன் துணைவரின் முதுகுவலிக்கென்று 290 ட்ரமடோல் குளிசை கொண்டுபோய் ஹுர்கதா விமான நிலையத்தில் பிடிபட்டார். மூன்று வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அது அந்த நாட்டில் தடை என்று தெரியாது என்று அவர் சொன்னது அவரைக் காப்பாற்றவில்லை. அப்படியென்றால் தபாலில் அனுப்பிவிடுகிறோம் என்று நினைக்கிறவர்களுக்கு 2015 இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். டொயோட்டாவின் உயர்பதவியில் இருந்த ஓர் அமெரிக்கப் பெண், ஒக்சிகோடோன் என்ற வலுவான வலிக் குளிசைகளைப் பார்சலில் ஜப்பானுக்கு வரவழைத்ததற்காகக் கைதானார். வழக்கு இல்லாமல் விட்டார்கள், ஆனால் அதற்கு முன்பே அவர் பதவியைத் துறக்க வேண்டி வந்தது. அக்காவுக்கு மருந்து வேண்டுமென்றால் அவருடைய துண்டைக் கொண்டுபோய் லண்டன் டொக்டரிடம் காட்டுவதே நேர்வழி.

அளவிலும் கவனம் வேண்டும். ஆறு மாதம் பிள்ளையோடு நிற்கப் போகிறோம் என்று ஆறு மாத மருந்தையும் ஒரேயடியாகக் கட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். அவுஸ்திரேலியா மூன்று மாத அளவு வரை விடும். கனடாவில் 90 நாளுக்குரியது அல்லது ஒரு சிகிச்சைக்குரியது, எது குறைவோ அது. பிரிட்டனில் கட்டுப்பாட்டு மருந்து மூன்று மாத அளவோ அதற்கு மேலோ என்றால் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஜப்பானுக்குச் சாதாரண மருந்தே ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முன்கூட்டியே சான்று எடுக்க வேண்டும். மிச்ச மாதங்களுக்கு அங்கே டொக்டரைப் பார்க்கிற செலவையும் பயணச் செலவோடு சேர்த்துக் கணக்குப் போட்டு வையுங்கள்.

நாட்டு மருந்து மருந்தே இல்லை என்ற எண்ணமும் நம்மிடம் இருக்கிறது. அரிட்டம் என்ற நாட்டு மருந்துப் பாணியில் தானாகப் புளித்து உண்டாகும் மதுசாரம் இருக்கும், சவூதிக்கு அது கூடாது. மதன மோதகம் என்ற ஆயுர்வேத மருந்தில் கஞ்சா சேர்கிறது. இங்கே ஆயுர்வேதக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், சிங்கப்பூரிலோ துபாயிலோ அது பாரதூரமான குற்றம். அதை எந்தக் காரணத்துக்காகவும் பைக்குள் வைக்க வேண்டாம். காய்ந்த வேர், பட்டை, விதை எல்லாம் அவுஸ்திரேலியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டியவை.

இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் சூட்கேசுக்குள் வைத்து அனுப்பக்கூடாது. விமானத்தின் சரக்கு அறையில் குளிர் கூடி உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் பிறகு உதவாது. கைப்பையில், குளிர்ப்பையில், ஐஸ் கட்டியோடு நேரே முட்டாமல் வையுங்கள். ஊசிகளுக்கும் அதே கடிதத்தில் ஒரு வரி இருக்கட்டும். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட பாணி மருந்தைப் பாதுகாப்புச் சோதனையில் நீங்களாகவே வெளியே எடுத்துக் காட்டினால் பொதுவாக விடுவார்கள்.

இறங்கியதும் சுங்கத்தில், அறிவிக்க ஒன்றும் இல்லாதவர்களின் பச்சை வழியா, அறிவிக்க வேண்டியவர்களின் சிவப்பு வழியா என்று சந்தேகம் வந்தால் சிவப்பு வழியில் போங்கள். அவுஸ்திரேலிய வருகை அட்டையின் முதல் கேள்வியிலேயே மருந்து வருகிறது. அதற்கு “ஆம்” என்று குறித்தால் ஐந்து நிமிடம் கூடப் போகலாம். “இல்லை” என்று குறித்துவிட்டுப் பையில் மருந்து அகப்பட்டால், மருந்து எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும், பொய் சொன்னதற்குத் தண்டம் வரலாம். கேட்டால் பையைத் திறந்து கடிதத்தையும் பெட்டிகளையும் ஒன்றாக நீட்டுங்கள். வயதானவர்கள் தனியாகப் போனால், கடிதத்தின் ஒரு பிரதியைக் கைப்பையின் வெளிப் பொக்கற்றில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டி அனுப்புங்கள். அவர்களை அழைக்க வருகிறவரின் போன் நம்பரையும் அதே தாளின் கீழே எழுதிவிடலாம்.

சென்னைக்கு வைத்தியத்துக்குப் போய் மாதக் கணக்கில் மருந்தோடு திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் அறிக்கை, துண்டு, பில் மூன்றையும் மருந்துப் பெட்டிகளோடு ஒரே பையில் வைத்திருந்தால், கட்டுநாயக்க விமான நிலையத்தில் கேட்டவுடன் எடுத்துக் காட்டலாம்.