பினாங்கில் நிழலில்லா நாள்: தாமான் (குடியிருப்புப் பகுதி) மக்களைக் கூட்டி நடத்துவது எப்படி?

தினமும் உச்சி வெயிலில் நிழல் காலடியில் மறைந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பினாங்கின் ஜார்ஜ் டவுனில், சூரியன் நேர் உச்சிக்கு வந்து அப்படி முழுசாக மறைவது ஆண்டுக்கு இரண்டே நாள்: ஏப்ரல் 3 அல்லது 4, செப்டம்பர் 8 அல்லது 9. கோலாலம்பூரில் மார்ச் 28, 29 வாக்கிலும் செப்டம்பர் 14, 15 வாக்கிலும். தொலைநோக்கி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கோயில் வளாகமோ தமிழ்ப்பள்ளித் திடலோ போதும்.

1. நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள்

12 மணிக்கு ஆளைக் கூட்டினால் காரியம் கெட்டது. அப்போது செங்குத்தாக நிறுத்திய 30 செ.மீ. குழாய்க்கு 11 செ.மீ. நிழல் இருக்கும். மலேசியக் கடிகாரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. பினாங்கு இருப்பதோ 100.3 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 79 நிமிடத் தாமதம். ஏப்ரலில் இன்னும் மூன்று நிமிடம் கூடும். ஆக, உச்சி மதியம் 1:22க்கு. செப்டம்பரில் 1:17 வாக்கில்.

குறித்த தேதி வேலை நாளாக இருந்தால் ஓரிரு நாள் தள்ளி, சனி ஞாயிறில் வைக்கலாம். ஒரு நாள் தள்ளினால் 30 செ.மீ. குழாய்க்கு மிஞ்சும் நிழல் 2 மி.மீ.தான். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அது தொழுகை நேரம், பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் வர முடியாது.

2. பொருள்கள்

ஐந்தாறு பேருக்கு ஒரு பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகைக்கு:

- 60 செ.மீ. சதுர ஒட்டுப்பலகை, மேலே மஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்)
- 30 செ.மீ. நீள பிவிசி குழாய், 1 அங்குலம். ஹார்டுவேர் கடையிலேயே நேராக அறுத்து வாங்குங்கள். மூடி போடாதீர்கள், மூடியின் விளிம்பு சுற்றிலும் வளையமாக நிழல் போட்டு ஏமாற்றும்.
- நூலில் கட்டிய ஒரு நட்டு. அதுதான் தூக்குக்குண்டு.
- ரசமட்டம், மடித்த அட்டைத்துண்டுகள், பென்சில்

நீளமான குழாய் நன்றாகத் தெரியும் என்று 1 மீட்டருக்குப் போக வேண்டாம். சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு; குழாய் நீள நீள நிழலின் ஓரம் மங்கும். 30 செ.மீ.க்கு மங்கல் 3 மி.மீ.க்குள் அடங்கும், 1 மீட்டருக்கு 9 மி.மீ.

3. மட்டம் பாருங்கள்

பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். மழைநீர் ஓடுவதற்காகக் கார் நிறுத்துமிடத் தரை சாய்வாகப் போடப்பட்டிருக்கும். 1 பாகைச் சாய்வு 5 மி.மீ. பிழை தரும். பலகையின் மூலைக்கடியில் அட்டைத்துண்டு செருகி, ரசமட்டத்தை இரு திசையிலும் வைத்துப் பாருங்கள். பிறகு தூக்குக்குண்டைப் பிடித்து, குழாய் இரண்டு பக்கமும் நேராக நிற்கிறதா என்று சரிபார்த்து ஒட்டுங்கள்.

4. முதலில் ஊகம், பிறகு பார்வை

12:50க்கு எல்லாரும் வந்துவிட வேண்டும். (இங்கே சொல்லும் நேரங்கள் ஏப்ரலுக்கு; செப்டம்பரில் ஐந்து நிமிடம் முன்னால் வையுங்கள்.) "1:22க்கு நிழல் எங்கே விழும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தாளில் பெயரோடு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளி வைத்த பாட்டி நகரமாட்டார், பேரனையும் நகர விடமாட்டார்.

1:00 மணிக்கு நிழல் மேற்கே 3 செ.மீ. இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து, நேரத்தையும் எழுதுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பார்க்க வேண்டியது தாளை மட்டும்.

பிள்ளைகளை வீட்டிலிருந்து காலி மைலோ டின் கொண்டுவரச் சொல்லுங்கள். மூடி இல்லாமல் பலகைமேல் வைத்தால், டின்னின் சுவர் நிழல் அடித்தட்டில் பிறைபோல் விழுந்திருக்கும். பிறை மெலிந்துகொண்டே வந்து, 1:22 வாக்கில் காணாமல் போகும். அடித்தட்டு முழுக்கப் பளபளக்கும். ஓரிரு நிமிடம்தான். பிறகு எதிர்ப்பக்கத்தில் பிறை முளைக்கும். எட்டிப் பார்ப்பவரின் தலை வெயிலை மறைக்காதபடி பக்கவாட்டில் குனிய வேண்டும்.

பிரமுகர் உரை இருந்தால் 1:45க்குப் பிறகு வையுங்கள். சூரியன் யாருக்காகவும் காத்திருக்காது.

5. மேகம் வந்தால்

குறித்தவரை உள்ள புள்ளிகளை ஒரு கோட்டால் இணையுங்கள். ஏறக்குறைய நேர்கோடாக வந்து, குழாயின் அடியைத் தொட்டுச் செல்லும். 1:22க்கு மேகம் மூடியிருந்தாலும் அந்தக் கோடே சாட்சி. அது துல்லியமான கிழக்கு மேற்குத் திசையும்கூட. கோயில் வாசல் நேர்கிழக்கா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் பெரியவர்களும் விவாதத்தில் இறங்குவார்கள்.

6. சென்னைக்கு ஒரு அழைப்பு

நிழலில்லா நாளன்றே நடத்தினால் மட்டும் இதைச் செய்யுங்கள்; தேதி தள்ளினால் கணக்கு பிசகும். ஏப்ரலில், சென்னையில் உள்ள உறவினரை அவர்கள் நேரம் 12:12க்கு, நமக்கு 2:42க்கு, 1 மீட்டர் குச்சியின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். சுமார் 13.5 செ.மீ. வரும், அதாவது அங்கே சூரியன் உச்சியிலிருந்து 7.7 பாகை விலகியிருக்கிறது. நமக்கு விலகலே இல்லை என்பதால், பூமியின் வட்டத்தில் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணமும் அதுதான். இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 850 கி.மீ. அதை 7.7ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 39,700 கி.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. வாக்கில்.