தானாக ஏறும் தோட்டா

குளிர்காலம் வந்தால் போதும், என் மச்சான் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மிட்லண்ட்ஸ் பக்கம் பிளெஸ்பாக் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவான். போன முறை பண்ணையிலிருந்து திரும்பும்போது, பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றுமுன் ரைஃபிளைக் காலி செய்தான். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டை இழுத்தான், ஒரு தோட்டா வெளியே விழுந்தது. அப்புறம் தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றிப் பையில் போட்டான். "சரி, காலி" என்றான்.

காலி இல்லை. இழுத்த போல்ட் திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளி சேம்பரில், அதாவது சுடுவதற்குத் தோட்டா உட்காரும் குழல் அறையில், ஏற்றிவிட்டது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளின் வேலையே அதுதானே. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு போல்ட்டை இழுக்க வேண்டும். போல்ட்டைப் பின்னால் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மற்ற எச்சரிக்கை எல்லாம் வீண்.

பல ரைஃபிள்களில் சுடும் ஊசிக்கு ஸ்பிரிங் கிடையாது. போல்ட் வேகமாக மூடும்போது ஊசி, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை லேசாகத் தட்டும். அதனால்தான் ஏற்றி இறக்கிய தோட்டாவில் சின்னப் பள்ளம் தெரிகிறது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். தோட்டாவின் முனையிலுள்ள குண்டும் உறைக்குள் இறங்கிவிடலாம், அழுத்தம் எகிறும்.

பெயரை நம்புவது இன்னொரு தவறு. ரைஃபிள் பெயர்களில் வரும் 'ஏஆர்' என்றால் ஆட்டோமேட்டிக் ரைஃபிள் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. பிரவுனிங் பிஏஆர் (பிரவுனிங் ஆட்டோமேட்டிக் ரைஃபிள்) வேட்டை ரைஃபிள் 1967-இல் வந்தது. 1918-இன் ராணுவ பிஏஆரோடு அதற்குப் பெயர் மட்டும்தான் பொது. இந்த வேட்டை ரைஃபிள்களில் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும்.

தோட்டா விஷயத்தில் எனக்கு நிஜமாகவே பயம் தருவது .300 பிளாக்அவுட். அதன் உறை .223 தோட்டாவின் உறையைக் குட்டையாக்கிச் செய்தது. அடிவிளிம்பு ஒன்றே, மேகசினும் ஒன்றே. ஆனால் குண்டின் விட்டம் .308 அங்குலம், .223-க்கோ .224 அங்குலம். சில குண்டுகளோடு அது .223 சேம்பரில் பிடிவாதமில்லாமல் ஏறிவிடும். விசையை இழுத்தால் துப்பாக்கி வெடிக்கும். இரண்டும் வீட்டில் இருந்தால் ஒரே பையில் வைக்காதீர்கள், மேகசின்களில் வேறுவேறு நிற டேப் ஒட்டுங்கள். அதேபோல .223 என்று மட்டும் பொறித்த குழலில் 5.56 ராணுவத் தோட்டாவைப் போட வேண்டாம், அழுத்தம் கூடும்.

குழலின் உள்ளே குண்டைச் சுழற்றும் வரிகளின் முறுக்கையும் பாருங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழலுக்கு 55 கிரெயின் எடையுள்ள குண்டு சரி. 77 கிரெயின் போட்டால் குண்டு தள்ளாடி, இலக்குக் காகிதத்தில் பக்கவாட்டு ஓட்டை போடும். தோட்டா மேல் பழி போடுவார்கள், பாவம்.

கடைசியாக லைசென்ஸ். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கான 15-ஆம் பிரிவில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கிடைக்காது. அதற்கு 16-ஆம் பிரிவு வேண்டும், அதாவது அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் தகுதிபெற்ற உறுப்பினராக இருக்க வேண்டும். புதுப்பிக்கும் மனுவைக் காலாவதிக்குக் குறைந்தது 90 நாள் முன்பே கொடுக்க வேண்டும். நீங்கள் கூடவே நின்று கண்காணித்தால் மருமகன் உங்கள் ரைஃபிளைச் சுடலாம். அவனிடம் கொடுத்துப் பண்ணைக்குத் தனியாக அனுப்பினால் குற்றம்.

தாத்தாவின் பழைய .303 எப்போதோ போய்விட்டது, ஆனால் அலமாரி இழுப்பறையில் அதன் தோட்டா நாலைந்து கிடக்கிறதா? அந்தத் துப்பாக்கிக்கு உங்களிடம் லைசென்ஸ் இல்லை என்றால், ஞாபகார்த்தமாக வைத்திருக்கும் அந்த ஒரு தோட்டாவும் குற்றம்தான்.