யுசுரு ஹன்யூவ எங்கருந்து பாக்க ஆரம்பிக்கறது? சேலத்துக்காரங்களுக்கு ஒரு வழி

நம்ம சேலத்துல 60க்கு 30 மீட்டர்ல போட்டி நடத்தற ஐஸ் ரிங்க் எதுவும் கெடையாது, குளிர்னா நமக்கு டிசம்பர் மாச ஏற்காடுதான். அதனால ஃபிகர் ஸ்கேட்டிங் பாக்க உக்காந்தா எல்லாரும் ஒரே மாதிரி சுத்தற மாதிரிதான் தெரியும், யாரு நல்லா பண்ணாங்க யாரு சொதப்புனாங்கன்னே புரியாது. ஜப்பான்காரர் யுசுரு ஹன்யூவோட போட்டி வாழ்க்கைய வச்சு இத கத்துக்கறது சுலபம், ஏன்னா அவர் ஜெயிச்சதும் தோத்ததும் ரெண்டுமே கால பாத்தா புரிஞ்சிடும். மூஞ்சிய பாக்காதீங்க, டிரெஸ்ஸயும் பாக்காதீங்க, கால மட்டும் பாருங்க.

ஸ்கேட் பிளேடுக்கு அடியில நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், ரெண்டு பக்கமும் விளிம்பு, இததான் எட்ஜ்னு சொல்றாங்க. அடிவாரத்துலருந்து ஏற்காடு போறப்ப ஹேர்பின் பெண்டுல பைக்க சாய்ப்போம்ல, அதே மாதிரி அவங்க ஒடம்ப ஒரு பக்கமா சாய்ச்சு அந்த விளிம்புல வளைஞ்சு போறாங்க. பிளேடு முன்னாடி பல்லு பல்லா இருக்கறது டோ பிக். டோ பிக்க குத்தி எழும்புனா டோ லூப், ஃபிளிப், லட்ஸ் இந்த மூணுல ஒண்ணு, குத்தாம விளிம்புலருந்தே எழும்புனா சால்கவ், லூப், இல்லனா ஆக்ஸல். இதுல ஆக்ஸல் மட்டும்தான் முன்னாடி பாத்து குதிக்கறது, எறங்கறது எல்லாமே பின்னாடி பாத்துதான், அதனால அதுல அரை சுத்து கூடுதலா வரும், டிரிபிள் ஆக்ஸல்னா மூணரை, குவாட் ஆக்ஸல்னா நாலரை. வீடியோ ஸ்பீட 0.25ல வச்சு எழும்பற கால ஒரு தடவ, எறங்கற கால ஒரு தடவ பாருங்க, ரெண்டு நாள்ல கண்ணுக்கு பழகிடும்.

எல்லாரும் மொதல்ல அந்த ரெக்கார்ட் ஸ்கோர் வீடியோவ தான் அனுப்பி விடுவாங்க, அத அப்புறம் வச்சுக்கங்க. போட்டியில ரெண்டு பகுதி, சின்னது ஷார்ட் ப்ரோக்ராம், பெருசு ஃப்ரீ ஸ்கேட், ரெண்டு மார்க்கையும் கூட்டித்தான் எடம் சொல்வாங்க. மொதல்ல 2012 நீஸ் உலக சாம்பியன்ஷிப் ஃப்ரீ ஸ்கேட்ட பாருங்க. பையனுக்கு 17 வயசு, அதுக்கு முந்தின வருஷம் மார்ச்சுல சென்டாய்ல நிலநடுக்கம் வந்தப்ப ரிங்க்ல பிராக்டீஸ்ல இருந்தவர், ஸ்கேட்டோடவே வெளிய ஓடி வந்தார். நீஸ்ல ஷார்ட் ப்ரோக்ராம்ல 7வது எடம், ஃப்ரீல நடுவுல குதிக்கக்கூட இல்ல, சும்மா போறப்பவே தடுக்கி விழுவார், எந்திரிச்ச கையோட டிரிபிள் ஆக்ஸல் போடுவார், கடைசில வெண்கலம். டெக்னிக்கா பாத்தா இன்னும் பதமாகல, ஆனா இந்த ஆளு யாருன்னு இந்த ஒரு வீடியோவுலயே தெரிஞ்சிடும். அந்த வருஷமே டொரோண்டோ போய் கோச் பிரையன் ஆர்சர் கிட்ட சேந்துட்டார்.

அடுத்து 2014 சோச்சி ஒலிம்பிக், இங்கதான் மார்க் போடற முறைய கத்துக்கணும். எங்கம்மா இத பாத்துட்டு "ஏஞ்சாமி, ரெண்டு தடவ விழுந்த பையனுக்கா தங்கம் குடுத்தாங்க"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ஒவ்வொரு ஜம்புக்கும் அடிப்படை மார்க் இருக்கு, அதுக்கு மேல எவ்ளோ நல்லா பண்ணாங்கன்னு நடுவர்கள் கூட்டுவாங்க இல்லனா கழிப்பாங்க, அப்புறம் ஸ்கேட்டிங் திறமை, வழங்கற விதம் இதுக்கெல்லாம் தனி மார்க், ஒரு தடவ விழுந்தா ஜம்போட மார்க் கொறையறது போக தனியா 1 புள்ளி போகும். ஹன்யூ ஷார்ட்ல 101.45 வாங்கினார், அதுல 100 தாண்டுன மொத ஆளு அவர்தான். ஃப்ரீல அவரும் சொதப்பினார், கனடாவோட பேட்ரிக் சானும் சொதப்பினார், ஹன்யூவுக்கு 178.64, சானுக்கு 178.10, மொத்தத்துல 280.09க்கு 275.62. அம்மாவுக்கு கணக்கு புரிஞ்சுது, ஆனாலும் விழுந்தவனுக்கு குடுத்தது தப்புதான்னு இன்னும் சொல்றாங்க, அது வேற விஷயம்.

இதோட ஸ்கோர் ஷீட்டுக்கு ப்ரோட்டகால்னு பேரு, போட்டி முடிஞ்சதும் பிடிஎஃப்பா நெட்ல வரும். பக்கத்துல தெறந்து வச்சுக்கிட்டு வரிக்கு வரி பாருங்க, கமெண்டரிய மியூட் பண்ணிடுங்க. ஜம்ப் பேருக்கு பக்கத்துல அம்பு மாதிரி குறி இருந்தா சுத்து முழுசா முடியலன்னு அர்த்தம்.

இப்ப ரெக்கார்ட் வீடியோவுக்கு போலாம். 2015 நவம்பர்ல நகானோவுல நடந்த என்எச்கே டிராபி போட்டியில மொத்தமா 322.40, ரெண்டே வாரத்துல பார்சிலோனாவுல 330.43. அதுக்கு முன்னாடி 300ஐயே யாரும் தொட்டதில்ல. 2017 ஹெல்சிங்கி உலக சாம்பியன்ஷிப்ல ஷார்ட்ல 5வது எடத்துல இருந்துட்டு ஃப்ரீல 223.20 எடுத்து தங்கம் தட்டிட்டு போனார், எனக்கு இதுதான் அவரோட பெஸ்ட். இந்த மார்க்கயெல்லாம் இப்ப வர்ற மார்க்கோட ஒப்பிட்டு சண்டை போடாதீங்க, 2018க்கு அப்புறம் கூட்டல் கழித்தல் 3லருந்து 5 ஆயிடுச்சு, ஆம்பளைங்க ஃப்ரீயும் நாலரை நிமிஷத்துலருந்து 4 ஆயிடுச்சு.

2018 பியோங்சாங் ஷார்ட்ட நிதானமா பாருங்க. மூணு மாசம் முன்னாடி குவாட் லட்ஸ் பிராக்டீஸ்ல விழுந்து கணுக்கால் போச்சு, நடுவுல ஒரு போட்டியும் ஆடாம நேரா ஒலிம்பிக் வந்தார். டிரிபிள் ஆக்ஸலுக்கு முன்னாடி மத்தவங்க மாதிரி நீளமா போய் காத்துக்கிட்டு இருக்க மாட்டார், கால் திருப்பம் ஒண்ணு போட்டு அதுலருந்தே எழும்புவார், எறங்குனதும் நிக்காம அடுத்த அசைவுக்கு போயிடுவார். அந்த திருப்பத்த பத்து தடவ ரீவைண்ட் பண்ணி பாக்கலாம். 111.68, மொத்தம் 317.85, அமெரிக்க ஸ்கேட்டர் டிக் பட்டனுக்கு அப்புறம் தொடர்ந்து ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்குன மொத ஆம்பள. முடிஞ்சதும் ஐஸ் மேல வின்னி த பூ கரடி பொம்மை மழையா கொட்டும், அத அள்ளறதுக்குன்னே சின்ன பசங்க ஓடி வருவாங்க.

கடைசியா 2022 பெய்ஜிங் ஒலிம்பிக். ஷார்ட்ல சால்கவ் எழும்பறப்ப ஐஸ்ல இருந்த குழியில பிளேடு மாட்டி ஒரே சுத்தா போச்சு, ஷார்ட்ல அது செல்லாது, சைபர். 95.15ல 8வது. அப்பயும் ஃப்ரீல சேஃபா ஆடல, குவாட் ஆக்ஸல் போட்டு விழுந்தார். ப்ரோட்டகால தெறந்து பாருங்க, அம்புக்குறியோட இருந்தாலும் குவாட் ஆக்ஸல்னே எழுதியிருப்பாங்க, போட்டியில அப்படி பதிவானது அதுதான் மொத தடவ. முடிவு 4வது எடம், அந்த ஜூலையில போட்டிகளுக்கு கும்பிடு போட்டார். செப்டம்பர்ல அமெரிக்காவோட இலியா மாலினின் அதே ஜம்ப சுத்தமா எறக்கினார், ரெண்டு பேரும் எழும்பறத பக்கத்து பக்கத்துல வச்சு பாத்தா வேகத்துல வித்தியாசம் தெரியும்.

இதுக்கு மேல லைவா பாக்க ஆசைப்பட்டா ஜப்பான் நேரம் நமக்கு மூணரை மணி நேரம் முன்னாடி, அங்க ராத்திரி 7 மணிக்கு நடக்கறது இங்க மத்தியானம் மூணரைக்கு வந்துடும், காபி போட்டு வச்சுக்கங்க. இன்னொரு ஜப்பான் ஸ்கேட்டர் ஷோமா உனோ வீடியோவ அடுத்து எடுக்கலாம், 2022, 2023 ரெண்டு வருஷமும் உலக சாம்பியன்.